சிலம்பாயி சண்டை போட்ட நூல்

யானைகள் ஊருக்குள் ஓடினால் கேட்க நாதியில்லாத காலம் அது. வெண்மணற்கோட்டையை மாவலிராயன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் நூல் எழுதுவான். கோட்டை வாசலைக் காப்பது எப்படி என்று அவன் எழுதிய 'வாசல் விதி' மட்டும் ஆயிரம் ஏடு. மந்திரிகள் ஆகா என்றார்கள், ஓகோ என்றார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

ஒருநாள் வாசல் அதிகாரி பாம்பு கடித்துச் செத்துப்போனான். என் நூலை மனத்தில் ஏற்றியவருக்கே அந்த வேலை என்று ராஜா பறையறைவித்தான். செத்தவன் மனைவி சிலம்பாயியும் அதைக் கேட்டாள். வேலையோடு சேர்ந்ததுதான் வீடு. வேறு ஆள் வந்தால், மூன்று பிள்ளைகளோடு அவள் தெருவில் நிற்க வேண்டும்.

அந்த வேலையைத் தானே வாங்கிவிடுவது என்று ஏட்டை எடுத்தாள். முதல் ஏட்டில் கொட்டாவி வந்தது. இரண்டாம் ஏட்டில் கண் சொக்கியது. மூன்றாம் ஏட்டில் குறட்டையே வந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மதயானை வந்தா கிழக்கு வாசல், மேற்கு வாசல் ரெண்டையும் தொறக்கணுமாமே! ஏன்யா, வர்றது உன் மாமனாரா?" என்று ஏட்டோடு சண்டைக்குப் போனாள்.

பதிலையும் அவளே தேடினாள். சாத்திய கதவை யானை உடைக்கும், உடைத்த வெறியில் ஊரை மிதிக்கும். திறந்திருந்தால் இப்படி நுழைந்து அப்படிப் போய்விடும். அட, ஆமாம்! ராஜாவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யானைக்கு முன்னால் ஓடுவதாக நினைத்துப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் தூக்கம் பறந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வசவு, ஒரு காரணம், ஒரு சிரிப்பு.

சோதனை நாளில் அவளுக்குப் போட்டியாக வந்து நின்றவர் மந்திரியின் மைத்துனர் ஏகாம்பரநாதர். கடவுள் வாழ்த்து முதல் கடைசி ஏடு வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர். அவர் தொண்டையைக் கனைக்கும்போதே வெளியே கூச்சல் எழுந்தது.

"மதயானை! கிழக்கு வாசலுக்கு வருது!"

காவலர்கள் கதவைச் சாத்த ஓடினார்கள். "விதி என்ன சொல்கிறது?" என்று ராஜா அலறினான். எழுதியவனுக்கே மறந்துவிட்டது!

"முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், மகாராஜா" என்று ஏகாம்பரநாதர் கண்ணை மூடிக் கடவுள் வாழ்த்தைத் தொடங்கினார்.

"சாத்தாதீங்க! ரெண்டு வாசலையும் தொறங்க!" என்று கத்தினாள் சிலம்பாயி.

திறந்தார்கள். யானை கிழக்கே நுழைந்தது, கடைத்தெருவில் ஓடியது, மேற்கே வெளியேறிக் காட்டுக்குப் போயிற்று. ஏகாம்பரநாதர் அப்போதுதான் நாட்டு வாழ்த்துக்கு வந்திருந்தார்.

"உனக்கு மட்டும் எப்படியம்மா நினைவிருந்தது?" என்று ராஜா கேட்டான்.

சிலம்பாயிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "உங்களைத் திட்டித் திட்டிப் படிச்சேன், மகாராஜா. அந்த யானைக்கு முன்னால உங்களை வேட்டியோட ஓடவிட்டேன்" என்றாள்.

ராஜா தாடியைத் தடவினான்.

"ஆகா சொன்ன எவனும் படிக்கவில்லை, திட்டிய நீதான் படித்திருக்கிறாய். வேலையும் வீடும் உனக்கே" என்றான்.

ஆகவே, கேட்டவர்களே, சுவையில்லாத நூலை அப்படியே விழுங்கினால் அது சமயத்துக்கு உதவாது, ஏன் எதற்கு என்று சண்டை பிடித்துப் படித்தால்தான் மனத்தில் தங்கும்.