துண்டுக்கு அடியில் பேசும் விரல்கள்

அந்தக் காலத்தில் மாடும் பேசும், கழுதையும் பேசும். நாம் பேசுவதும் அவற்றுக்கு ஒரு சொல் விடாமல் புரியும். மனுஷனுக்கு இதைவிடப் பெரிய தொந்தரவு வேறென்ன வேண்டும்? அதனால் தொழிலுக்குத் தொழில் தனிப் பேச்சு கட்டிக்கொண்டார்கள். கழுதைக்குத் தெரியாமல் மூட்டையின் கனத்தைச் சொல்லச் சலவைக்காரரிடம் ஒரு பேச்சு. நாய்க்குத் தெரியாமல் சுவர் ஏறத் திருடரிடம் ஒரு பேச்சு. மாட்டுத் தரகர்கள்தான் எல்லாரையும் மிஞ்சியவர்கள். பின்னே, விற்கிற சரக்கே பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டால் என்ன செய்வது?

ஏருக்குப் போகிற மாட்டை 'வெயிலுக்கு' என்பார்கள். கத்திக்குப் போகிற மாட்டை 'நிழலுக்கு' என்பார்கள். எவ்வளவு குளிர்ச்சியான சொல், பாருங்கள். நிழல் என்று காதில் விழுந்ததும் மாடு தானாகவே எழுந்து நடக்கும்.

இருளாண்டித் தரகரின் வண்டிமாடு மயிலைக்கு மட்டும் இந்தப் பேச்சு அத்துப்படி. வருஷக்கணக்காகச் சந்தையில் படுத்துக் கிடந்து கற்றுக்கொண்டது. அதற்குத் தெரியும் என்பது இருளாண்டிக்கும் தெரியும். அதனால்தான் தினமும் மயிலைக்கு மட்டும் ஒரு கை பருத்திக்கொட்டை கூடுதல். நிழலுக்குப் போகிற மாடுகள் வழியில் மிரண்டு நின்றால், மயிலைதான் முன்னால் நடந்து, "பயப்படாதீங்க, நல்ல இடந்தான்" என்று கூட்டிப்போகும். செய்வது பாவம் என்று தெரியாமலா? நன்றாகத் தெரியும். பருத்திக்கொட்டை ருசி அப்படி.

ஒரு மழைக்காலத்தில், மயிலையோடு ஒரே நுகத்தில் இழுத்த செவலை சேற்றில் சறுக்கியது. முன்னங்கால் முட்டி பிசகிவிட்டது. பச்சிலை வைத்துக் கட்டியும் நொண்டல் நிற்கவில்லை. அடுத்த சந்தையில் இருளாண்டி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வியாபாரியிடம், "நிழலுக்குத்தான்" என்றார்.

மயிலை ஓடி வந்து குறுக்கே நின்றது. கன்றுக்குட்டியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவை இரண்டும். மேட்டில் பாரம் திணறும்போதெல்லாம் செவலைதான் தோள் கொடுத்து இழுக்கும்.

"ஐயா, அவன் மட்டும் வேணாம். அவனுக்கும் சேத்து நானே இழுக்கிறேன்," என்று கெஞ்சியது.

"உன் சோலியப் பாருப்பா," என்றார் இருளாண்டி. "நொண்டி மாட்டுக்குத் தீனி போட நான் என்ன சத்திரமா கட்டி வச்சிருக்கேன்?"

அவ்வளவுதான். மயிலை சந்தை நடுவில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தியது. "நிழலுன்னா மரத்தடி இல்ல, கத்தி. எவனும் எந்திரிச்சு நடக்காதீங்க." அதோடு நிறுத்தவில்லை. தரகர்களின் சொற்களை ஒன்றுவிடாமல் போட்டு உடைத்தது.

சந்தை குலைந்தது. மாடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. ஓட முடியாதவை படுத்துவிட்டன, அடித்தாலும் எழவில்லை. மயிலைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாரும் நன்றி சொல்வார்கள் என்று நினைத்தது, பாவம்.

படுத்துக் கிடந்த ஒரு கிழட்டுப் பசு கேட்டது. "இது உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

மயிலை குனிந்து தரையை முகர்ந்தது.

"எம்மகளை நீதான கூட்டிட்டுப் போன? நல்ல இடம்னு சொன்னியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமக்கூட உன் பின்னால ஓடுனாளே."

மற்ற மாடுகளும் திரும்பிப் பார்த்தன. யாரும் ஏசவில்லை. மயிலையை விட்டு விலகிப் படுத்துக்கொண்டன.

தரகர்கள் கூடி நின்று கையைப் பிசைந்தார்கள். புதிதாகச் சொல் கட்டினாலும் இந்த மாடு கற்றுக்கொள்ளும். இருளாண்டி மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வேறொரு வியாபாரியின் கையைப் பிடித்து, இரண்டு கைகளையும் துண்டால் மூடினார். உள்ளே விரலை விரல் பிடித்தது, அழுத்தியது, விட்டது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இருவரும் தலையாட்டினார்கள். வியாபாரம் முடிந்தது.

செவலையின் கயிறு கை மாறியது.

"அண்ணே, என்னை எங்க கூட்டிட்டுப் போறாங்க?" என்றது செவலை. "வெயிலுக்கா, நிழலுக்கா? உனக்குத்தான் அவங்க பேச்சு தெரியுமே."

மயிலை அந்தத் துண்டையே பார்த்தது. "தெரியலடா. சத்தியமாத் தெரியல."

செவலை அதன் முகத்தைப் பார்த்தது. "எங்கிட்டயுமா அண்ணே மறைக்கிற?" என்றுவிட்டு, நொண்டி நொண்டி வியாபாரியின் பின்னால் போனது.

அதற்கப்புறம் மயிலை வாயைத் திறக்கவில்லை. நம்புவதற்கு ஆள் இல்லாதபோது பேசி என்ன ஆகப்போகிறது? மற்ற மாடுகளும், தங்களுக்குள் யார் எதை மறைக்கிறார்களோ என்ற பயத்தில், ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

அன்று முதல்தான் மாட்டுச் சந்தையில் பேரம் துண்டுக்கு அடியில் நடக்கிறது. மாடுகள் பக்கத்திலேயே நின்று, சொல்ல வந்ததை மென்று விழுங்கி, மறுபடி மேலே கொண்டுவந்து, மறுபடியும் மென்றுகொண்டிருக்கின்றன.