பால்கனியில் ஒரு வெள்ளை விரிப்பு

"நான் தப்பாச் சொல்லிடுவேன் அக்கா" என்றாள் ஸோர்க்கா.

தெசாங்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எதை?"

"எதையாவது. ஓடுங்கங்கிற இடத்துல நில்லுங்கன்னுடுவேன். நாலாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். சட்டை துவைக்கச் சொல்லுங்க, துவைக்கிறேன். ஆட்டத்தை நடத்துன்னா நான் எங்கே போவேன்?"

செர்பியாவில், மொராவா ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர் அது. அந்த ஊரில் கூடைப்பந்து என்றால் தெசாங்காதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடம், உடைந்த பீப்பாயின் இரும்பு வளையத்தைச் சுவரில் அறைந்து, அதில் முதல் பந்தை எறிந்தவள். பிறகு நாட்டின் அணிக்கே ஆடினாள். முழங்கால் போன பிறகு, நெசவாலைப் பெண்களைச் சேர்த்து ஓர் அணியை உண்டாக்கினாள்.

போன வாரம் அவள் நடுவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நன்றாகத் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. வேலிக்குள் கால் வைக்கக் கூடாது.

அதனால் பயிற்சியாளர் பெஞ்சு ஸோர்க்காவிடம் வந்தது. பதினொரு வருடமாக அணியின் சட்டையும் அக்கா வீட்டுத் துணியும் துவைத்தவள், களத்துக்குத் தண்ணீர் தெளித்தவள், சுண்ணாம்புக் கோடு போட்டவள். வேறு ஆள் இல்லை.

இன்று தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் பெண்கள் அணியைக் கலைத்துவிடுவதாகச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். களம் டென்னிஸ்காரர்களுக்குப் போகுமாம்.

"ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க அக்கா. ஒண்ணே ஒண்ணு. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

தெசாங்கா கத்தியைக் கீழே வைத்தாள். மூலையிலிருந்த சுண்ணாம்பு வாளியை எடுத்து ஸோர்க்காவின் கையில் மாட்டினாள்.

"போய்க் கோடு போடு."

"அப்புறம்?"

"நான் பால்கனியில இருப்பேன்."

ஸோர்க்காவுக்கு உயிர் வந்தது. அந்தப் பால்கனி களத்துக்கு நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து அக்கா கையை அசைத்தால் பெஞ்சிலிருந்தே தெரியும்.

அவள் செம்மண் களத்துக்குத் தண்ணீர் தெளித்தாள். கோடு போட்டாள். பாப்லர் மரத்தடி மூலையில் கால் புதைந்தது. அங்கே வெயில் விழுவதே இல்லை. மரத்தூள் போட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததைப் பதற்றத்தில் மறந்தும் போனாள்.

எதிரணி தலைநகரிலிருந்து வந்திருந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் உயரத்தில் ஒரு கம்பம்.

ஆட்டம் தொடங்கியது. ஸோர்க்கா பால்கனியைப் பார்த்தாள்.

தெசாங்கா வெளியே வந்தாள். ஒரு வெள்ளை விரிப்பை உதறி, கொடியில் அகலமாக விரித்துப் போட்டாள்.

ஸோர்க்கா துள்ளி எழுந்தாள்.

"விரிஞ்சு நில்லுங்க! விரிஞ்சு!"

பெண்கள் விரிந்து நின்றார்கள். இரண்டு பந்து கூடைக்குள் விழுந்தது.

தெசாங்கா பூந்தொட்டிக்கு மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினாள்.

"மெதுவா! நிதானமா ஆடுங்க!"

இடைவேளை முடிந்து இரண்டு அணிகளும் கூடை மாறின. தெசாங்கா கம்பளத்தைக் கம்பியில் போட்டு, பிரம்பால் அடி அடியென்று அடித்தாள்.

"மேல விழுந்து ஆடுங்கடி! மூச்சு விட விடாதீங்க!"

இடைவேளையில் பதினைந்து புள்ளி பின்தங்கியிருந்தார்கள்; அது ஒரு புள்ளியாகக் குறைந்தது. முப்பத்தொன்பது, நாற்பது.

இன்னும் இரண்டு நிமிடம்.

கடைசி இரண்டு நிமிடம் என்றால் தெசாங்கா பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பல வருடப் பழக்கம். 'அக்கா உள்ளுக்குள்ள ஆட்டத்தைப் பார்க்கிறா' என்று பெண்கள் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள்.

ஸோர்க்கா பால்கனியைப் பார்த்தாள்.

தெசாங்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஸோர்க்கா பெஞ்சை விட்டு எழுந்தாள். நடுவரிடம் ஒரு நிமிட ஓய்வு கேட்டாள். பெண்கள் ஓடி வந்து சூழ்ந்தார்கள்.

"என்ன செய்யணும் அத்தை?"

கதவு திறக்கவில்லை. விரிப்பு தொங்கியது. கம்பளம் தொங்கியது.

"அத்தை!" அணித்தலைவி வீதா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "அங்க என்ன பார்க்கறீங்க? நாங்க இங்க இருக்கோம்."

ஸோர்க்கா பார்த்தாள்.

ஐந்து முகம். ஐந்திலும் வியர்வையும் செம்மண்ணும். வீதாவின் காலணியில் கணுக்கால் வரை ஈரச் சேறு.

"எங்கடி மிதிச்சே இதை?"

"பாப்லர் மூலையில. முதல் பாதியில நாம அந்தக் கூடைக்குத்தானே அடிச்சோம். ரெண்டு பந்து விட்டேன் அங்க. தட்டினா எழும்பவே மாட்டேங்குது. நீங்க பார்க்கலையா?"

ஸோர்க்கா பார்க்கவில்லை. அப்போது அவள் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அந்தக் கூடைக்கு யார் அடிக்கிறாங்க?"

"அவங்கதான்."

தப்பாக இருந்தால்? பால்கனியில் கேட்க ஆள் இல்லை.

"அப்ப அந்த மூலைக்கு விரட்டுங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாது."

வீதா சிரித்தாள். "இது போதும் அத்தை."

விரட்டினார்கள். கம்பம் போன்ற ஒருத்தி மரத்தடியில் பந்தைத் தட்டினாள். பந்து மாவில் விழுந்த முட்டை மாதிரி அப்படியே உட்கார்ந்தது. அவள் குனிவதற்குள் வீதா அதை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நாற்பத்தொன்று, நாற்பது. ஊதல் ஒலித்தது.

ஸோர்க்கா மூச்சிரைக்க மாடி ஏறினாள். சமையலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தெசாங்கா சுவரைப் பார்த்து நின்றாள்.

"தோத்துட்டோமா?" என்றாள், திரும்பாமல்.

"ஜெயிச்சுட்டோம் அக்கா! உங்களுக்கே தெரியாதா?"

தெசாங்கா குழாயை மூடினாள். முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எல்லாம் உங்க சைகைதான் அக்கா."

"என்ன சைகை?"

"விரிப்பைப் போட்டீங்களே."

"ஞாயித்துக்கிழமை துவைக்கிற நாள். துவைக்கிறவ பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. நானே துவைச்சேன்."

"பூந்தொட்டி?"

"வாடியிருந்துது."

"அந்தக் கம்பளம்?"

"அதுல எவ்வளவு தூசி தெரியுமா?"

ஸோர்க்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப கடைசி ரெண்டு நிமிஷம் எதுக்குக் கதவைச் சாத்தினீங்க?"

"பயம்" என்றாள் தெசாங்கா.

"பெஞ்சுல கண்ணை மூடிக்குவீங்களே, அது?"

"அதுவும் பயம்தான். வளையத்தைச் சுவத்துல அறைஞ்ச நாள்லேருந்து. கடைசி ரெண்டு நிமிஷம் நான் பார்த்ததே இல்லடி."

ஸோர்க்கா கதவு நிலையை விட்டு உள்ளே வந்தாள்.

"இத்தனை வருஷமா அந்த நேரத்துல என்ன செய்யணும்னு இந்தப் பொண்ணுங்களுக்கு யார் சொன்னாங்க அக்கா?"

தெசாங்கா நறுக்கிய வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள்.

"உட்காரு. சாப்பிட்டுட்டுப் போ."

தடையில் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஸோர்க்கா சுண்ணாம்பு வாளியோடு வந்தாள். கோடு போடவில்லை. முதலில் பெஞ்சை இழுத்தாள். கனமான பெஞ்சு. களத்தைச் சுற்றி அங்குலம் அங்குலமாக இழுத்து, பால்கனிக்கு நேர் கீழே, அதற்கு முதுகு காட்டிப் போட்டாள்.

மேலே தெசாங்கா ஈர விரிப்போடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, அங்க உட்கார்ந்தா என்னைப் பார்க்க முடியாதே!"

ஸோர்க்கா தலையைத் தூக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பெண்கள் வருகிறார்களா என்று வேலிப் பக்கம் பார்த்தாள்.