விளக்கெண்ணெய் குடித்த முகம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், அப்புறம் கதை ஓடாது. வழக்கு விசாரிப்பதென்றாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். சாட்சி, மறுசாட்சி என்று பொழுதே போய்விடுகிறதே!

மந்திரி குணபூஷணர் அதற்கு ஒரு வழி சொன்னார். "பிரபு, ஒரு நொடி முகத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளி யாரென்று அடியேன் சொல்லிவிடுவேன்."

ராஜாவுக்கு ஒரே குஷி. "இனி யார் முகமானாலும் மந்திரி சொல்வதே தீர்ப்பு. ஒருவரும் தடுக்கக் கூடாது" என்று ஆணை போட்டுவிட்டார்.

முதலில் மாட்டியவன் இருளாண்டி, யானைக்குப் புல் அறுப்பவன். சின்ன வயதில் மாடு முட்டியதில் வாய் ஒரு பக்கம் கோணிப்போனவன். ராணியின் மூக்குத்தி காணாமல் போயிருந்தது. மந்திரி அவனை ஒரு பார்வை பார்த்தார். "திருட்டு முகம். நாளைக்குக் கழுவேற்றுங்கள்!"

"ஐயோ சாமி, நான் அரமணைக்குள்ள கால் வச்சதே இல்லீங்க!" என்று கதறினான். யார் கேட்டார்கள்?

அரண்மனை விகடன் மருதக்குட்டிக்கு வயிறு எரிந்தது. மறுநாள் ராஜா பேதிக்குச் சாப்பிடும் நாள். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்துவிட்டு, கிரீடம் இல்லாமல், மீசை தொங்க, உள்ளறையில் முடங்கிக் கிடப்பார். அந்தக் கோலத்தை மந்திரிகள் யாரும் பார்த்ததில்லை. விகடன் மட்டும் உள்ளே போகலாம், காலையிலேயே போனான்.

"பிரபு, உடை கண்ணை ஏமாற்றக் கூடாதல்லவா? அதனால் திரையில் ஓட்டை போட்டு, முகத்தை மட்டும் மந்திரிக்குக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன். தாங்கள் ஒருமுறை முகம் காட்டினால், இந்த ராஜகளையை அவர் வர்ணிப்பதைக் காது குளிரக் கேட்கலாமே!"

புகழ்ச்சி என்றால் நம் ராஜாவுக்கு வயிற்று வலிகூட மறந்துவிடும். ஓட்டையில் முகத்தை வைத்தார். அந்த நேரம் பார்த்து வயிறு கடமுடா என்றது. முகம் அஷ்டகோணலாயிற்று.

குணபூஷணர் வந்தார். ஒரு நொடிகூட முழுசாகப் பார்க்கவில்லை.

"பரம அயோக்கியன்! மூக்குத்தியை விழுங்கிவிட்டு முழிக்கிறான். இவனையும் சேர்த்துக் கழுவேற்றுங்கள்!"

"காவலர்களே, ராஜ ஆணை! இழுத்து வாருங்கள்!" என்றான் மருதக்குட்டி.

திரை விலகியது. காவலர்கள் கையிலிருந்த வேல் கீழே விழுந்தது. கூடவே மந்திரியும் விழுந்தார், ராஜாவின் காலில்.

"அடேய், நானாடா திருடன்?" என்று விகடனைப் பார்த்துக் கத்தினார் ராஜா.

"அடியேன் சொல்லவில்லை பிரபு, தங்கள் முகம் சொல்கிறதாம். யார் முகமானாலும் என்று ஆணையிட்டது தாங்கள்தானே?"

"அந்தப் புல் அறுப்பவனை விடுதலை செய்யுங்கள்" என்றார் ராஜா. ஆணை அப்போதே ரத்தாயிற்று. இருளாண்டியைக் கட்டவிழ்த்துக் கொண்டுவந்தார்கள்.

"நீங்க நல்லா இருக்கணும் சாமி" என்று அவன் கோணல் வாயால் சிரித்தான். உடனே ராஜாவின் கை தானாகப் போய்க் கழுத்திலிருந்த முத்துமாலையைப் பொத்திக்கொண்டது.

மருதக்குட்டி மெல்லச் சொன்னான்: "பிரபுவின் வாய் விடுதலை சொல்லிவிட்டது. கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலும்."

ராஜா குனிந்து தம் கையைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறிச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். விகடனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு முத்துமாலையைக் கழற்றி இருளாண்டியின் கழுத்தில் போட்டார்.

"இதை நீயே வைத்துக்கொள்ளப்பா. இனி உன்னைப் பார்த்தால் இந்தக் கை சும்மா இருக்கும்."