ஓதத்தைச் செம்பில் அடைத்தவன்

வெகு காலத்துக்கு முன்னாலே, கரை எதுவென்று கடல் இன்னும் முடிவு செய்யாத காலத்திலே, சங்குமணல் நாட்டு ராஜாவுக்கு ஒரு மந்திரவாதி வயிற்றுவலி தீர்த்து வைத்தான்.

"கூலி?" என்றார் ராஜா.

"ஒரே ஒரு சொல். ஓதம்."

ராஜா சிரித்தார். கடல் பொங்கிக் கரையேறுவதை மீனவர்கள் ஓதம் என்பார்கள். அரண்மனையில் அதற்கு என்ன வேலை? "எடுத்துக்கொள்!"

மந்திரவாதி அந்தச் சொல்லைப் பித்தளைச் செம்பில் அடைத்து மூடினான். அன்று முதல் அதைச் சொன்ன வாய் உப்பாய் உறைந்தது. கடல் அடித்துப்போனதெல்லாம் அவனுக்குச் சொந்தமானது.

முதல் நாள் கடல் பொங்கவும், "தண்ணி வருது!" என்று மீனவர்கள் கத்தினார்கள். ஊரே குடத்தோடு ஓடியது, கட்டுமரங்கள் போச்சு. இரண்டாம் நாள், "பெருசா வருது!" என்றார்கள். திமிங்கிலமென்று ஊரார் வேடிக்கை பார்க்க ஓடினார்கள்; வலைகள் போச்சு.

மூன்றாம் நாள் நாற்பது பேர் மிச்சமிருந்த கரைவலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவள் நீலாயி. அவள் அம்மாவும் மற்றப் பெண்களும் தூரத்து மணல்திட்டில் குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள். திட்டைச் சுற்றி நீர் ஏறியது.

"அம்மா, வந்துரு!"

"மடி நிறையட்டும்டி!"

கவிழ்த்துப் போட்ட படகின்மேல் மந்திரவாதி செம்போடு உட்கார்ந்திருந்தான். "அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பாரேன். உன்னைக் கருவாடு போட்டுவிடுவேன்."

"போடு. உன் தொண்டையில முள்ளா நிப்பேன்!"

நீலாயி கயிற்றைப் பிடித்தாள். "ஓதம் ஏறுது, ஏலேலோ!"

உதடு உப்பாய் வெளுத்தது. ஆனால் அந்தக் கரையில், கை கயிற்றில் இருந்தால், எடுத்த பாட்டை வாய் யோசிக்காமல் திருப்பிப் பாடும்.

"ஓதம் ஏறுது, ஏலேலோ!" என்றன நாற்பது வாய்கள்.

ஒரு வாயை அடக்கும் செம்பு நாற்பதுக்குத் தாங்குமா? மூடி துள்ளியது. மந்திரவாதி இரு கையாலும் அமுக்கினான். நீலாயி உறைந்த உதட்டைப் பிளந்துகொண்டு மறுபடி பாடினாள்; நாற்பது வாயும் பாடின. அவன் மூடிமேலேயே ஏறி உட்கார்ந்தான். மூன்றாம் முறை, மணல்திட்டுப் பெண்களும் நிமிர்ந்து சேர்ந்து பாடிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

படார்! செம்பு வெடித்தது. உறைந்த வாய்களிலெல்லாம் உப்பு உதிர்ந்தது. அம்மா இடுப்பளவு நீரில் கரையேறினாள். மந்திரவாதியை ஓதமே சுருட்டிக்கொண்டு போனது.

ராஜா ஓடி வந்தார். "நீலாயி, அந்தச் சொல்லையே உனக்குப் பரிசாகத் தருகிறேன்!"

நீலாயி வாயிலிருந்த உப்பைத் துப்பினாள். "அது எங்க சொல்லு ராஜா. உங்களோடதக் கொடுங்க. போன கட்டுமரங்களுக்கு உங்க அரண்மனைக் கதவுகளைப் பேத்துத் தாங்க."

பெயர்த்துத் தந்தார். தராமல் என்ன செய்வார்?

அவர்கள் வலையை இழுத்து முடித்தார்கள். நாம் கதையை இழுத்து முடித்தோம்.