விடச் சொன்ன இரண்டு கேள்விகள்

அன்று வாசிப்பு மையத்தில் இருந்தவர்கள்: பார்வையில்லாத கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர். அவர்கள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுத வந்த பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர். பொறுப்பாளர் இஸ்ரவேல் சார். மணியடிக்க நான். ஆக மொத்தம் பன்னிரண்டு.

மின்விசிறி இரண்டு. ஓடியது ஒன்று.

“சார், வடிவக்கா கையெழுத்துப் போட மாட்டேங்காங்க” என்றாள் பெனிட்டா.

அவளுக்குப் பதினாறு வயது. இருபது மணி நேரம் சேவை செய்தால் பள்ளியில் சான்றிதழ். பதினெட்டு முடிந்திருந்தது. இன்றைய மாதிரித் தேர்வு இரண்டு மணி நேரம். திங்கள்கிழமை கடைசி நாள். அவள் வகுப்பில் இன்னும் முடிக்காதவள் அவள் ஒருத்திதான்.

அவள் பரீட்சை எழுதிக் கொடுத்தது சங்கரவடிவுக்கு. வடிவுக்கு வரலாற்றுத் தாள் அரியர். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோல்வி. இன்று சார் திருத்தியதில் ஐம்பதுக்கு ஐம்பது.

மற்ற பத்துப் பேரும் கைதட்டினோம். வடிவு தட்டவில்லை.

“பன்னிரண்டாவது கேள்விக்கு நான் என்ன சொன்னேன், பிள்ள?”

பெனிட்டா பேனா மூடியைத் திருகினாள்.

“தெரியல, விட்டுருன்னு சொன்னேன். முப்பத்தொண்ணுக்கு?”

“அதையும் விடச் சொன்னீங்க.”

“ரெண்டை விட்டுட்டு ஐம்பதுக்கு ஐம்பது. பாளையங்கோட்டையிலேயே இது எனக்குத்தான் நடந்திருக்கும்.”

நான்கு பேர் சிரித்தார்கள்.

பெனிட்டாவின் முகம் சிவந்தது. “உதவி செய்யத்தானக்கா வந்தேன். விடை எனக்குத் தெரியும், எழுதினேன். இதுல என்ன தப்பு?”

“ரெண்டு தடவ ஃபெயிலானது யாரு?”

“நீங்க.”

“அதையே நான் யாருக்கும் விட்டுக் குடுக்கல. பாஸாகுறதை உனக்குக் குடுப்பனா?”

“சின்னப் பிள்ளை, போட்டுக் குடு வடிவு” என்றார் சார்.

“நோட்டை எடுக்கச் சொல்லுங்க. சொல்லுதேன், எழுதட்டும்.”

மையத்தில் அதுதான் வழக்கம். அன்று நடந்ததை உதவி பெற்றவர் சொல்வார். பிள்ளை தன் நோட்டில் எழுதும். சார் அடியில் ஸ்கேலை வைத்துப் பிடிப்பார். ஸ்கேலைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்.

வடிவு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“இன்று பரீட்சை எழுதியவர் பெனிட்டா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சங்கரவடிவு. உதவி செய்த நேரம் சைபர்.”

பேனா நின்றது.

நோட்டு பெனிட்டாவின் கையில். எதிரில் இருந்தவளுக்குப் பார்வை இல்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எழுதியாச்சா?”

“இருங்க.”

அந்த ‘இருங்க’வில் கோபம் இருந்தது. எழுதினாள். மூன்று வரி. கடைசி வரியில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தம்.

“வாசிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாம்.”

வடிவு ஸ்கேலைத் தடவிக் கையெழுத்துப் போட்டாள்.

சார் நோட்டை வாங்கிப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“சைபரை ரெண்டாக்கிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?”

பெனிட்டா நோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அவங்க சொன்னதை மாத்தாதீங்க.”

“ஏ பிள்ள, திங்கக்கிழமை என்ன செய்வ?”

“முடிக்கலன்னு சொல்லுவேன்.”

சார் பேனாவை மூடினார்.

மணி ஒன்று. சாப்பாட்டு மணி அடித்தேன்.

பெனிட்டா பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்து, நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பன்னிரண்டாவது கேள்வி எந்தப் பாடம்?” என்றாள் வடிவு.

“நாலாவது.”

“பாடத்தை முழுசா வாசி. விடை வரும்போது குரலை உசத்தாத. நான் கண்டுபிடிக்கேன்.”

பத்துப் பேர் சாப்பிடப் போனோம். மீதி இரண்டு.