மருந்துக்குக் கட்டுப்படாத நோய்

மூட்டுநோய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் ஜெசிந்தா அதிகம் பேசமாட்டார். அவரிடம் மேற்படிப்புக்கு வந்திருந்த டாக்டர் திருவரங்கன் அவரைவிட எட்டு வயது மூத்தவர். நிறையப் பேசுவார்.

ஒரு புதன்கிழமை, சுடலைவடிவு என்ற பெண்ணின் கோப்போடு வந்தார்.

"மேடம், இந்தம்மாவுக்கு முடக்குவாதமும் இருக்கு, லூபஸும் இருக்கு. கண்ணும் வாயும் வறண்டுபோற நோய் வேற. ஆறு வாரமா மருந்து கொடுக்கிறோம், வீக்கம் துளிகூட இறங்கல. இப்ப சிறுநீர்ல புரதம் போகுது. இப்படியே விட்டா சிறுநீரகம் போயிரும். மூணுல எந்த நோய் மேடம் மருந்துக்குக் கட்டுப்படல?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

திருவரங்கன் இருபது நிமிடம் சொன்னார். முதலில் லூபஸைச் சந்தேகித்தார். பாதியில் முடக்குவாதத்துக்கு மாறினார். கடைசியில் மூன்றும் கூட்டுச் சேர்ந்துவிட்டன என்றார்.

ஜெசிந்தா வெளியே காத்திருந்த சுடலைவடிவை உள்ளே அழைத்தார்.

"மாத்திரை கொண்டுவந்திருக்கீங்களா?"

சுடலைவடிவு பையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாள். அழுத்தித் திருகினால்தான் திறக்கும். குழந்தைகள் திறந்துவிடாதபடி செய்த மூடிகள்.

"ஒண்ணு எடுத்துப் போடுங்க. இப்பவே."

வீங்கிய விரல்களால் திருகினாள். முந்தானையைச் சுற்றித் திருகினாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருகினாள். பல்லையும் வைத்துப் பார்த்தாள். மூடி அசையவில்லை.

"தெறக்க வராது டாக்டரம்மா. மொத நாள்லேருந்தே இப்படித்தான்."

திருவரங்கன் எழுந்துவிட்டார். "ஆறு வாரமா ஒரு மாத்திரைகூடப் போடலையா? ஏம்மா சொல்லல?"

"மருந்து கேக்குதான்னு கேட்டிய. கேக்கலன்னு சொன்னேன். பெறவு நீங்கதான பேசிட்டே இருந்திய."

"பக்கத்து வீட்டுல குடுத்துத் திறந்திருக்கலாமே!"

"அவகிட்டயா? கொழாயடிச் சண்டையில பேச்சு விட்டு ரெண்டு வருசமாச்சு. அவ வாசல்ல போய் நிக்கதுக்கு இந்த வலியே தேவல."

ஜெசிந்தா மூன்றையும் திறந்து, தூக்கினாலே திறக்கும் டப்பாக்களில் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தார். சுடலைவடிவு தானே திறந்தாள். ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அடுத்த வாரம் மறுபடி பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திருவரங்கன் பேனாவை எடுத்து, கோப்பில் மருந்துப் பட்டியல் இருந்த பக்கத்தைத் திறந்தார்.

"மேடம், அப்போ எந்த மருந்தை மாத்துறது?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, டாக்டர்."