உப்புக்கொத்தி நின்று நின்று ஓடுவது ஏன்

பறவைகள் மனிதரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளில் ஒன்றில் கலேஹுவா என்று ஓர் இளவரசி இருந்தாள். அவளுக்குக் கால்கள் நன்றாகவே இருந்தன. நடக்கத்தான் அனுமதி இல்லை.

அந்தத் தீவின் வழக்கம் அப்படி. அரச குலத்தின் மிக உயர்ந்த கிளையில் பிறந்தவரின் பாதம் எந்த மண்ணில் படுகிறதோ, அந்த மண் அப்போதே அவருக்குச் சொந்தமாகிவிடும். பிறகு அங்கே வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. அவள் கிழங்குத் தோட்டத்தில் நடந்தால் தோட்டக்காரன் பட்டினி. சுனையோரம் நின்றால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஊர் பிழைக்க வேண்டுமானால் இளவரசி நடக்காமல் இருப்பதே நல்லது என்று முடிவாகியிருந்தது. குன்றின் மேல் புல் வேய்ந்த பெரிய வீடும் அதன் முற்றமும் மட்டும் அவளுடையவை. முற்றத்தைத் தாண்ட வேண்டுமென்றால் ஹினானோ என்ற அகன்ற முதுகுக்காரன் அவளைச் சுமந்து போவான். முன்னால் ஒருவன் சங்கு ஊதிக்கொண்டு போவான். சங்கொலி எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் முகம் மண்ணில் படக் குப்புறக் கிடக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தவர்களை மறுநாள் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் கலேஹுவா ஓடித் திரிந்த காலமும் உண்டு. பிள்ளையை இன்னொரு வீட்டில் வளரக் கொடுப்பது அந்தத் தீவில் எல்லாரும் செய்வது. அவளைக் குன்றுக்குக் கீழே, கடற்கரையில் வலை பின்னும் ஹலியா என்ற பெண்ணிடம் கொடுத்திருந்தார்கள். பால் பல் விழும்வரை பாதத்துக்கு எந்தச் சக்தியும் கிடையாது என்பது பூசாரிகளின் கணக்கு. அதுவரை அவள் ஈர மணலில் ஓடினாள், விழுந்தாள், ஹலியாவின் மடியில் தூங்கினாள், அவளையே அம்மா என்று அழைத்தாள். முதல் பல் விழுந்த அன்று ஆட்கள் வந்தார்கள். ஹினானோ அவளை முதுகில் ஏற்றிக்கொண்டான். அதோடு சரி.

பிறகு ஒரே ஒரு முறை அழுது அடம்பிடித்துக் கடற்கரைக்குப் போனாள். சங்கு ஊதியது. வலையைப் போட்டுவிட்டு எல்லாரும் குப்புற விழுந்தார்கள். ஹலியாவும் விழுந்தாள். ஹினானோவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கலேஹுவாவுக்கு அம்மாவின் பின்னந்தலைதான் தெரிந்தது. நரை தொடங்கியிருந்தது. எழுந்திரு அம்மா என்று கெஞ்சினாள். ஹலியா அசையவில்லை. பிள்ளையின் குரல் கேட்டும் அசையாமல் கிடப்பதற்கு அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது, மணலுக்குள் புதைந்திருந்த அவள் விரல்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு கலேஹுவா கடற்கரைக்குப் போக வேண்டும் என்று கேட்டதில்லை. முற்றத்தின் ஓரத்தில் நின்று, கீழே எறும்பு போல நடமாடுகிறவர்களில் எது அம்மா என்று தேடுவாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் ஹினானோ தயங்கித் தயங்கி ஒரு செய்தி கொண்டுவந்தான். ஹலியாவின் கணவன் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டான். தெற்கே, நெடுந்தொலைவில் உள்ள தீவில் அவளுடைய அண்ணன் இருக்கிறான். அங்கே போகும் படகில் அவளும் ஏறப்போகிறாள். அந்தப் பயணத்தில் போனவர்கள் திரும்பி வருவதில்லை.

“எப்போது?”

“இப்போது, அம்மணி. படகைத் தள்ள உருளைக் கட்டை போடுகிறார்கள்.”

கலேஹுவா முற்றத்தின் ஓரத்துக்கு ஓடினாள். கீழே படகு தெரிந்தது. அந்தக் கரை முழுக்கக் கரும்பாறை. படகை ஏற்றி இறக்க மணல் இருப்பது அந்த ஓரிடத்தில்தான். அங்கே அவள் கால் பட்டால் ஊரின் அடுப்பு அணைந்துவிடும். ஓடிப்போய்விட வேண்டும் என்று கால்கள் துடித்தன. அந்த மணலில் தன்னோடு விளையாடிய பிள்ளைகள் இப்போது அங்கே வலை இழுக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நின்றுவிட்டாள்.

சங்கு ஊதாமல் என்னைத் தூக்கிப் போக முடியுமா என்று கேட்டாள். கூடாது என்றார் பூசாரி குஹிவா. அவர் கையில், நுனியில் வெள்ளைத் துணிப் பந்து கட்டிய கழி எப்போதும் இருக்கும். அதை ஊன்றிய இடத்தில் யாரும் நுழையக் கூடாது என்று அர்த்தம்.

முற்றத்தில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பறவை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. புறா அளவு இருக்கும். நெட்டைக் கால்கள். முதுகு முழுக்கப் பொன் துகள் தூவியது போல் இருக்கும். பொன்னிற உப்புக்கொத்தி.

“நான் போய்ச் சொல்கிறேன் பெண்ணே. இந்த ஹினானோவைவிட வேகமாக ஓடுவேன். என்ன சொல்ல வேண்டும்?” என்றது.

“இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல். முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.”

“ஏன், பறந்து போனால் என்ன?” என்றான் ஹினானோ. “ஓடியா போகப் போகிறாய்?”

“வடக்குக் கடலைத் தாண்டி வந்து இறகு உதிர்ந்து நிற்கிறேன். புதிது முளைக்கும்வரை ஓட்டம்தான். நீ எந்தக் கடலைத் தாண்டினாய்?”

ஹினானோ வாயை மூடிக்கொண்டான். குஹிவா மூடவில்லை. இளவரசியின் சொல்லைச் சுமந்து போகும் கால் இளவரசியின் கால்தான், அது பட்ட மணலில் கழி ஊன்றியாக வேண்டும் என்றார். என் கால் என் காலேதான் என்று பறவை கத்தியது. குஹிவா அசைந்து கொடுக்கவில்லை.

“ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்,” என்றான் ஹினானோ. “நான் அம்மணியையே சுமக்கிறேன். நான் நடந்த பாதையெல்லாம் என்ன ஆயிற்று? நீங்களும் அதில்தானே வந்தீர்கள்?”

குஹிவா எரிச்சலோடு அவனைப் பார்த்தார். ஆனால் அவர் நேர்மையானவர். தெரிந்த விதியை மறைக்க மாட்டார். “நீ கொஞ்ச தூரம் போய் நிற்கிறாய். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடக்கிறாய். நடை அறுந்துவிடுகிறது. அறுந்த நடை சுமப்பவனுடையது. அறாத நடைதான் அவளுடையது.”

“அப்படியானால் நானும் நின்று நின்று போகிறேன்,” என்றது உப்புக்கொத்தி. சொல்லிவிட்டதே தவிர, அதற்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. அந்தக் காலத்தில் அதைப் போல ஓடக்கூடிய பறவை கிடையாது. கரையின் இந்த முனையில் கிளம்பினால் அந்த முனையில்தான் நிற்கும்.

கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குஹிவா முற்றத்தின் ஓரத்துக்கு வந்து நின்றார்.

பறவை சரிவில் இறங்கியது. நாலைந்து அடி ஓடும், நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். கீழே படகு உருளைகளின் மேல் நகரத் தொடங்கியிருந்தது. மணலில் கால் வைத்ததும் உப்புக்கொத்திக்குத் தவிப்பு அதிகமாகிவிட்டது. படகின் முன்பாதி தண்ணீரைத் தொட்டுவிட்டது. ஹலியா ஒரு பாயை இடுக்கிக்கொண்டு படகின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பறவை தன்னை மறந்து ஓட ஆரம்பித்தது. நாலடி, எட்டடி, பத்தடி. குஹிவா கழியைத் தோளிலிருந்து எடுத்தார். கலேஹுவா கத்தவில்லை. கத்தினால் கீழே எல்லாரும் குப்புற விழுந்துவிடுவார்கள். ஹினானோவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பறவை நின்றது. தவறு நினைவுக்கு வந்து, அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாளா என்று தலையைத் தூக்கிக் குன்றைப் பார்த்தது. அவள் அங்கேயே நின்றாள். கொஞ்சம் ஓடியது. நின்று, தலையைத் தூக்கிக் குன்றைப் பார்த்தது. மறுபடி ஓடியது, நின்றது, பார்த்தது.

படகுக்காரர்கள் சிரித்தார்கள். இந்தப் பறவை எதையோ தின்றுவிட்டு வந்திருக்கிறது என்றான் ஒருவன். ஒரு காலைப் படகில் வைத்திருந்த ஹலியாவும் திரும்பிப் பார்த்தாள். ஆண்டு முழுக்கக் கரையில் இருக்கிறவள் அவள். உப்புக்கொத்தி நிற்பதை அவள் கண்டதே இல்லை. இது நிற்கிறது. அதுமட்டுமல்ல, நின்ற ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் பார்க்கிறது. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள்.

குன்றின் ஓரத்தில் ஒரு சின்ன உருவம் நின்றது.

சங்கு ஊதவில்லை. ஆகவே யாரும் குப்புற விழ வேண்டியதில்லை. ஹலியா நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தாள். பிறகு, மறைத்தால் தன் முகம் மேலே இருப்பவளுக்குத் தெரியாதே என்று அந்தக் கையை எடுத்துவிட்டாள். வெயில் கண்ணில் குத்த, நிமிர்ந்தபடியே நின்றாள். படகுக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முகம் தெரிந்ததா? அத்தனை தூரத்தில் கண்ணும் மூக்கும் தெரியாது. முகம் இருக்கும் இடம் தெரிந்தது. கலேஹுவா அதைப் பார்த்தாள்.

படகு அலைகளைத் தாண்டி, பாய் விரித்து, சிறுத்து, மறைந்தது. குஹிவா கழியை ஊன்றாமலே வீட்டுக்குள் போனார். கலேஹுவா நின்ற இடத்திலேயே நின்றாள். உப்புக்கொத்தி நின்று நின்று மேலேறி வந்தது.

“நான் போய்ச் சேருவதற்குள் ஏறிவிட்டாள். நீ சொன்னதைச் சொல்ல முடியவில்லை,” என்றது.

“சொல்லிவிட்டாய்.”

“அப்படியானால் வேலை முடிந்ததா? இனி நான் என் இஷ்டத்துக்கு ஓடலாமா?”

கலேஹுவா தென்திசைக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று சொன்னால் எல்லாமே முடிந்துவிடும் போலிருந்தது. அவள் பதில் சொல்லவில்லை. பறவை சற்று நேரம் காத்திருந்துவிட்டு மணலுக்குத் திரும்பியது.

அதே பறவைதான் குளிர்காலத்தில் நம் கடற்கரைக்கும் வருகிறது. நாலடி ஓடும், நிற்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும். இரை தேடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். போதும் என்று அவள் சொல்லாமல் விட்ட அன்று முதல்தான், உப்புக்கொத்தி நிற்கும் ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் அங்கே நிற்கிறாளா என்று பார்க்கிறது.